பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகணம்

சூரியனில் கறுப்பு விழுந்திருக்கிறது என்ற செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். வேறு யார் வந்து சொல்லியிருந்தாலும் நான் சிரித்திருப்பேன். அவர் சிரிக்காமல் சொன்னதால் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அவருக்குப் பினாங்குத் தந்தி ஆபீசில் முறை வைத்து வேலை, சில நாள் காலையில், சில நாள் மத்தியானத்துக்கு மேல். அக்கரையிலிருந்து கம்பி வழியாக வரும் சேதி ஒரு சின்னப் பித்தளைக் கருவியில் டக் டக்கென்று தட்டும். அந்தத் தட்டலைக் காதால் கேட்டு எழுத்தாக எழுதிக் கொடுப்பார். முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. பினாங்கு ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே மசாலாச் சாமான் கடை. கடைக்காரரின் மனைவி தமிழ் முஸ்லிம் பெண், என்னைவிட மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். எனக்குத் தாயும் இல்லை, அந்த ஊரில் மாமியார் வீட்டு மனிதர்களும் இல்லை. எல்லாவற்றுக்கும் அந்த அக்காதான். அப்போது எனக்கு எட்டாம் மாதம்.

அன்று அவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"கம்பி தானாப் பேசுச்சு" என்றார்.

"யார் பேசுனா?"

"யாருமில்ல. அக்கரையில கேட்டா அவனும் தட்டலங்கிறான். பேட்டரியக் கழட்டி வச்சோம். அப்புறமும் பேசுச்சு."

ஆபீசின் வெள்ளைக்காரத் துரை அதற்கு விளக்கம் சொன்னாராம். சூரியனில் பெரிய கறுப்புப் புள்ளி ஒன்று வந்திருக்கிறது, அங்கே கிளம்புகிற புயல் பூமிவரைக்கும் வந்து கம்பிகளைக் கலக்குகிறது, ஊர் ஊராகத் தந்தி ஆபீசுகளில் இதே கூத்துதான், தானாக அடங்கிவிடும் என்று. துரைக்கு அது வேடிக்கை. என் கணவர் அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்.

"எழுத்து மாதிரி வருது, எழுத்தா நிக்கல. பேச வராத பிள்ளை வாயத் தொறந்து தொறந்து மூடுமே, அந்த மாதிரி" என்றார்.

பிள்ளை என்ற சொல் வந்ததும் இருவருமே நிறுத்திக்கொண்டோம். அந்தச் சொல்லை அந்த வீட்டில் நாங்கள் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்போம்.

எங்களுக்கு முதலில் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. அவன் வயிற்றில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. கிரகணம் பிடித்திருக்கும் நேரத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரி வெளியே தலைகாட்டக்கூடாது, கத்தி அரிவாள்மணை தொடக்கூடாது, நகம் பட உடம்பைச் சொறியக்கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரியும், சந்திலிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். என் கணவர் அப்போது புதுசாகத் தந்தி வேலையில் சேர்ந்த மிடுக்கில் இருந்தார். "இந்தக் காலத்துல போயி இதெல்லாமா?" என்று சிரித்து, என்னைக் கையைப் பிடித்து எஸ்பிளனேடு திடலுக்கே கூட்டிப்போனார். அங்கே மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெயில் அத்தனையும், பாதி மறைந்த சூரியனின் வடிவிலேயே பிறைப் பிறையாகத் தரையில் கிடந்தது. என் புடவையெல்லாம் பிறை. எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து மீனும் நறுக்கினேன்.

பிள்ளை மேலுதடு மூக்குவரைக்கும் பிளந்து பிறந்தான். பால் குடிக்கத் தெரியவில்லை. சங்கில் ஊற்றினால் மூக்கு வழியாக வந்துவிடும். பசித்த வாய் சப்புக்கொட்டிக்கொண்டே இருக்கும். பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். யாரும் என் கணவர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, காதில் விழுகிற மாதிரி மட்டும் சொன்னார்கள். நான் அதையும் சொல்லவில்லை. கிரகணத்தால்தான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லத் தைரியமும் இல்லை. ஆனால் அவர் நம்பிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய சிரிப்பு போய்விட்டது.

கம்பி பேசிய மறுநாள் விடிந்ததும் ஊரே துறைமுகக் கரையில் நின்றதாம். எங்கள் ஊரில் சூரியன் எதிர்க்கரைப் பாகான் டாலாம் பக்கத்திலிருந்து கடல்மேல் எழும்பும். பனிமூட்டத்தில் கண் கூசாமல் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பில் மிளகு ஒட்டின மாதிரி ஒரு கறுப்பு, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது என்று அக்காவின் கணவர் வந்து சொன்னார். அதன்பிறகு காப்பிக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. சூரியனுக்கே அம்மை போட்டிருக்கிறது என்றார் முடிதிருத்துகிறவர். உடனே எங்கள் சந்தில் நாலைந்து வாசலில் வேப்பிலை தொங்கியது. ரப்பர் விலை சரிந்ததற்கு அந்தக் கறுப்புதான் காரணம் என்றார் ஒருவர். சண்டைக்கு முன்னாலும் இப்படி ஒன்று வந்தது, அடுத்த சண்டை நிச்சயம் என்றார் இன்னொருவர். யுத்தம் முடிந்த கையோடு வந்து ஆள் ஆளாக அள்ளிக்கொண்டு போன காய்ச்சல் திரும்பி வரப்போகிறது என்று ஒரு பேச்சு. மீன் கிடைக்காததற்கும் அதுதான், மழை பிந்தியதற்கும் அதுதான். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தைப்பிங்குக்குப் போய்விட்ட ஒரு மனிதர் அதையும் சூரியன் தலையில் கட்டினார் என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அது கடைசிச் சிரிப்பு என்று அப்போது தெரியாது.

என் கணவர் கோயில் பக்கமே போகாதவர். அன்று குருக்களைப் பார்க்கப் போனார். சூரியனில் கறுப்பு விழுந்தால் கிரகணம்தானே, எப்போது விடும் என்று கேட்டிருக்கிறார். குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிடிச்ச நேரமும் இதுல இல்ல, விடுற நேரமும் இல்ல. இல்லாத கிரகணத்துக்கு நான் என்னத்தச் சொல்ல? வீட்டுல வயித்துப் பிள்ளைக்காரி இருந்தா ஜாக்கிரதையா இருந்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு ஜாக்கிரதையை வைத்து என் கணவர் எனக்கு ஒரு சிறையே கட்டினார்.

மாடி அறையின் சன்னல் கதவுகளைச் சாத்திப் பழைய கம்பளியை ஆணி அடித்து மாட்டினார். இடுக்குகளில் கந்தல் துணி. கத்தி, அரிவாள்மணை, ஊசி எல்லாம் கீழே அக்கா வீட்டுக்குப் போயின. தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை, சோற்றுப்பானையில் தர்ப்பை. விடிவதற்கு முன் அவரே சமைத்து வைத்துவிடுவார். சூரியன் இருக்கும்வரை நான் அறைவாசலைத் தாண்டக்கூடாது. இருட்டின பிறகு கீழே போய்க் குளித்துவிட்டு வரலாம். எல்லோர் வீட்டிலும் கிரகணம் சில மணி நேரத்தில் விட்டுவிடும், தலைக்குத் தண்ணீர் ஊற்றி அடுப்பு மூட்டிவிடுவார்கள். எனக்குப் பிடித்த கிரகணம் விடவில்லை. விடுகிற நேரத்தைச் சொல்லப் பஞ்சாங்கம் இல்லாததால் அவரே பஞ்சாங்கமாகிவிட்டார். கறுப்பு போய்விட்டதா என்று தினமும் பார்த்து வந்து எனக்குச் சொல்வார்.

முதலில் எல்லோரும் செய்கிற மாதிரித்தான் செய்தார். பின்கட்டு முற்றத்தில் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்து அதில் சூரியனைப் பார்த்தார். தண்ணீர் ஆடியது, கறுப்பு பிடிபடவில்லை. விடியலில் கடற்கரைக்குப் போனார். சில நாள் மேகம். அதன்பிறகு உடைந்த விளக்குச் சிம்னித் துண்டு ஒன்றைச் சுடரில் காட்டிக் கரி ஏற்றி, வேலைக்குப் போவதற்கு முன் முற்றத்தில் நின்று உச்சி வெயிலைப் பார்க்க ஆரம்பித்தார். கறுப்பு கண்ணில் படும்வரை பார்ப்பார். பட்டால் வந்து "இருக்கு" என்பார். ஒரு நாள் படாவிட்டால், எங்கே போயிற்று என்று இன்னும் நேரம் பார்ப்பார்.

"கண்ணு எரியலயா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன, நீ உள்ள இரு" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த அன்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. அன்பில்லாத மனிதராக இருந்திருந்தால் கதவை உடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

அந்த அறையில் நேரம் எனக்குக் காதில்தான் தெரியும். பள்ளிவாசல் பாங்கு, கடைக்கு மூட்டை இறக்கும் சத்தம், சீனன் நூடுல்ஸ் விற்க மூங்கில் தட்டிக்கொண்டு போவது. அக்கா மத்தியானத்தில் மேலே வந்து கொஞ்ச நேரம் உட்காருவார்.

"என்னா தங்கச்சி, எங்க நோம்பே ஒரு மாசந்தான். ஒன் வீட்டுக்காரரு வருசம் பூரா வச்சிருவாரு போலருக்கே லா" என்பார். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். "நல்லா ஒதைக்குது. இதுக்கு ஒண்ணும் தெரியல, ஒங்களுக்குத்தான் சூசா."

தொல்லையை எங்கள் ஊரில் சூசா என்போம். அக்கா போனதும் மறுபடி இருட்டு. வயிறு விரிந்து தோல் அரிக்கும், சொறியக்கூடாது. உள்ளங்கையால் தேய்த்துக்கொள்வேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பசித்த பிள்ளை சப்புக்கொட்டுகிற சத்தம். சுவர்ப்பக்கமிருந்து வரும். பல்லி. பல்லிதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அது விளக்குமாடத்தில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து மாரைப் பிடித்துக்கொள்வேன். வயிற்றில் இருப்பது உதைக்கும், சுவரில் இருப்பது சப்புக்கொட்டும். இரண்டுக்கும் நடுவில் நான்.

சன்னல் பலகையில் ஒரு கணு விழுந்து சின்ன ஓட்டை இருந்தது. கம்பளி விலகியிருந்த இடத்தில் அது வழியாக வெயில் வந்து எதிர்ச்சுவரில் வட்டமாக விழும். திடல் மரத்தடியில் பிறைகளைப் பார்த்தவள் நான், அதனால் அந்த வட்டம் சூரியன்தான் என்று எனக்குப் புரிந்தது. ஊர்ந்து ஊர்ந்து மத்தியானத்துக்குள் தரைக்கு இறங்கிவிடும். எனக்கு அதுதான் துணை. ஒரு நாள் அவரிடம் சொன்னேன்.

"சொவத்துல வட்டம் வருதுங்க. சுத்தமா இருக்கு. கறுப்பெல்லாம் ஒண்ணுமில்ல."

அவர் பதறிப்போனார். "அது உம்மேல பட்டுச்சா? சொல்லு, பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே மெழுகை உருக்கி ஓட்டையை அடைத்தார். அன்று நான் அழுதேன். அதுவரை அழவில்லை.

ஊரில் பேச்சு ஓய்ந்துவிட்டிருந்தது. தந்திக் கம்பிகள் ஒழுங்காக வேலை செய்தன. சூரியன் சுழல்கிறது, புள்ளியும் கூடவே நகர்ந்து ஓரத்தில் மறைந்துபோயிற்று என்று காப்பிக்கடையில் பேப்பர் படித்தார்களாம். வேப்பிலை காய்ந்து உதிர்ந்தது. அக்கா வந்து இதைச் சொன்னபோது என் கணவரும் இருந்தார்.

"போவல" என்றார் அவர். "இன்னிக்குப் பார்த்தேன். முன்னவிடப் பெருசா இருக்கு."

"குடுங்க அந்தக் கண்ணாடிய" என்று அக்கா வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். ஒரே ஒரு நொடி பார்த்துவிட்டு வந்தார். "சுத்தமா இருக்கு தம்பி. ஒண்ணையும் காணோம்."

"ஒங்களுக்குத் தெரியலக்கா. எனக்குத் தெரியுது."

அவர் அப்படிச் சொன்ன விதத்தில் அக்காவுக்கே முகம் மாறிவிட்டது. போகும்போது என் கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனார். யாரை நம்புவது? ஊரெல்லாம் இல்லை என்கிறது. பொய் சொல்லத் தெரியாத என் புருஷன் இருக்கிறது என்கிறார். அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒன்று, எங்கள் வீட்டுக்காக மட்டும் வந்த ஒன்று என்றால் அது என்ன என்று யோசித்தபடி வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

அடுத்த சில நாளில் அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சோற்றுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், சாப்பிட மாட்டார். சுவரைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். ஒரு மத்தியானம் வேலைக்குக் கிளம்பும்முன் அறைக்கதவைத் திறந்து நின்று என் வயிற்றைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பின்வாங்கிக் கதவில் முட்டிக்கொண்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"என்னத்தப் பாத்தீங்க? சொல்லுங்க."

கதவைப் பிடித்தபடி சொன்னார். "வயித்து மேல நிக்குது."

பேய் பிடித்ததோ, புத்தி பேதலித்ததோ என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், அவர் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால் என்பது. பிள்ளை உதைப்பதை நிறுத்தினால் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: ஒரு முழு வாய். பெண்ணோ ஆணோ, கறுப்போ சிவப்போ, பால் குடிக்க ஒரு வாய்.

வலி ஒரு காலையில் வந்தது. அவர் ஆபீசில் இருந்தார். அக்கா ஆள்விட்டு மலாய் மருத்துவச்சியைக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் பீடான் என்போம், எல்லா இனத்துப் பெண்களுக்கும் அவள்தான். வந்தவள் அறையைப் பார்த்து மலாயில் திட்ட ஆரம்பித்தாள். குழிக்குள் பிள்ளை பெறச் சொல்கிறீர்களா, எனக்கு ஆந்தைக் கண்ணா என்றெல்லாம் கேட்டபடி கம்பளியைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்தது. சன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். அத்தனை நாள் கழித்து வெயில் என்மேல் வந்து விழுந்தது. வேண்டாம் என்று கத்தினேன். அக்கா என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "வெயிலுதான் புள்ள, வெறும் வெயிலுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெண்பிள்ளை. அழுத சத்தம் கேட்டதுமே கையை நீட்டினேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு விரலால் உதட்டைத் தடவினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முழு உதடு. என் விரலையே பிடித்துச் சப்பினாள். நான் அப்போது போட்ட சத்தம் கீழே கடைவரைக்கும் கேட்டதாம்.

அவர் ஓடிவந்தார். பீடான் பிள்ளையைத் துணியில் சுற்றி அவரிடம் நீட்டினாள். வாங்கியவர் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"மொகம் எங்க?" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?"

"மொகம் இல்ல. கறுப்பா இருக்கு. மொகத்துல கறுப்பு. ஐயோ, மொகத்துலயே..."

அக்கா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். பீடான் ஏதோ ஓத ஆரம்பித்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன், எப்படி உட்கார்ந்தேனோ தெரியாது. பிள்ளையின் முகத்தை அந்த வெயிலில் பார்த்தேன். ஒரு மாசுமறு இல்லை. அவர் தலையைச் சாய்த்து, பிள்ளையை விட்டு வேறெங்கோ பார்த்தபடி, "காது தெரியுது" என்று முணுமுணுத்தார். "நெத்தி தெரியுது. நேரா பார்த்தாத்தான் இல்ல."

அப்போது எனக்குப் புரிந்தது.

"இங்க வாங்க" என்றேன். கிட்டே உட்கார வைத்தேன். அவர் கண்ணுக்கு நேரே ஒரு விரலை நீட்டினேன். "என்ன தெரியுது?"

"கறுப்பு."

விரலை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினேன். "இப்போ?"

"வெரலு."

"என் மொகத்தப் பாருங்க. என்ன தெரியுது?"

அவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் நிறைந்தது. "நீ இல்ல" என்றார்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. சூரியன்லயும் ஒண்ணுமில்ல. கறுப்பு உங்க கண்ணுல இருக்கு. பாத்துப் பாத்துப் பொசுக்கிட்டீங்க."

நான் கத்தித்தான் சொன்னேன். பிரசவித்த உடம்பில் இருந்த பலமெல்லாம் சேர்த்துக் கத்தினேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். முதல் பிள்ளை போனதிலிருந்து சிரிக்காதவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ பிள்ளைக்கு ஒண்ணுமில்லயே? நெஜமா ஒண்ணுமில்லயே? உதடு நல்லா இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நல்லா இருக்கு என்றதும் தரையில் உட்கார்ந்து, "எனக்கு வந்துட்டுப் போவுது, எனக்கு வந்துட்டுப் போவுது" என்றார். பிள்ளைக்கு வரவேண்டியதைத் தான் வாங்கிக்கொண்டதாக அவருக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கை அவர் கடைசிவரை மாற்றவில்லை. நான் ஒத்துக்கொள்ளவும் இல்லை. யாரும் யாருக்காகவும் வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பார்வையின் நடுப்பகுதி வெந்துபோயிருக்கிறது, சிலருக்குத் தானாகத் தேறும், காத்திருங்கள் என்றார். காத்திருந்தோம். கறுப்பு கொஞ்சம் சுருங்கியது, போகவில்லை. வெளியில் யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். தெரிந்தால் வேலை போய்விடும். ஆபீசில் கேட்பது காதுதானே, கை பழக்கத்தில் எழுதிவிடும். வரி கோணினால் துரை கடிந்துகொள்வார், அவ்வளவுதான். பேப்பரை வீட்டில் நான் படித்துச் சொல்வேன்.

அவருக்கு யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் அந்த ஆளை நேராகப் பார்க்காமல் பக்கத்தில் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஓரக்கண்ணில் முகம் மங்கலாக விழும். வெளி ஆட்கள் அதை மிடுக்கு என்று நினைத்தார்கள். முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று பெயர் வந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் மகள்தான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே அப்பா பார்க்கிற பக்கம் ஓடுவாள். அவர் அவளைப் பார்ப்பதற்காகச் சுவரைப் பார்ப்பார். சுவரைப் பார்க்கிறார் என்று நினைத்து அவள் சுவரோரம் போய் நிற்பாள். அவர் பார்வைக்கு நேரே வந்ததும் அவருக்கு அவள் காணாமல் போவாள். அவர் முகத்தை மறுபக்கம் திருப்புவார். அவள் அங்கே ஓடுவாள். இப்படியே சுற்றிச் சுற்றி வருவார்கள், கடைசியில் அவள் களைத்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னிடம் வருவாள்.

ஒரு நாள் கேட்டே விட்டாள். "அப்பாவுக்கு என்னைப் பிடிக்காதாம்மா? நான் வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சத்தியத்தை மீறாமல், விஷயத்தையும் சொல்லாமல், "அப்பாவுக்கு நேரா நிக்காதேம்மா. அவங்க காதுப் பக்கமா நில்லு. அப்பத்தான் ஒன்ன நல்லாப் பாப்பாங்க" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அவர் இடது காதுப் பக்கமாகப் போய் நின்றாள். அவர் தலையை அசைக்காமல் அப்படியே இருந்தார். நெடுநேரம் பார்த்தார். "மூக்குக் கிட்ட மச்சம் இருக்கா ஒனக்கு?" என்று கேட்டார். இருந்தது. மகள் குதித்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவளுக்குப் பள்ளிக்கூட வயது வந்த பிறகு சூரியனில் மறுபடியும் கறுப்பு என்று பேப்பரில் போட்டார்கள். மறுபடியும் துறைமுகக் கரையில் கூட்டம், மறுபடியும் விலைவாசி, சண்டை, காய்ச்சல் என்று பேச்சு. இப்போது கரி பூசின கண்ணாடியை விற்கவே ஆள் வந்துவிட்டான். மகள் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். அவர் அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு இரண்டு கையாலும் அவள் கண்ணைப் பொத்தியபடி உட்கார்ந்துகொண்டார். சூரியன் கூரைக்கு மேலே போகிறவரை எடுக்கவில்லை. அவளும் திமிறவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு அவர் காய்ச்சலில் இறந்துபோனார். ஆபீசிலிருந்து வந்தவர்கள், கண்ணால் ஒரு எழுத்தும் சரியாகப் பார்க்காமல் இத்தனை வருஷம் ஒரு மனிதர் அங்கே வேலை பார்த்தார் என்று தெரியாமலேயே மாலை போட்டுவிட்டுப் போனார்கள். கூடத்தில் கிடத்தியிருந்தோம். அக்கா என் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக வந்து முகத்துக்கு நேரே நின்று கும்பிட்டார்கள்.

என் மகள் முறை வந்தது. அவள் போய் அவர் இடது காதுப் பக்கமாக, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள். கூட்டத்தில் யாரோ, முன்னால் வந்து முகத்தைப் பார்த்துக்கோ தாயி என்றார்கள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன்.

"இனிமே நேரா நிக்கலாம்மா" என்றேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"வேணாம்மா" என்றாள். "அப்பா என்னப் பாக்கட்டும்."